டாக்டர் வண்டிக் கண்ணாடி

“உனக்குத் தெரியலையா, இல்ல தெரிஞ்சும் சொல்ல மாட்டேங்குறியா?”

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் என்னை எழுப்பி நிறுத்திக் கேட்டார். விடை எனக்குத் தெரியும். நாக்குதான் மேலே ஒட்டிக்கொண்டது. வகுப்பே சிரித்தது. அந்த வருடத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டேன்.

“வீட்ல உக்காந்து சுவத்தப் பாக்கறதுக்கு, கடையில உக்காந்து கண்ணாடியப் பாரு” என்று அண்ணன் என்னைத் தன் பைக் பட்டறைக்கு அழைத்துப் போனான்.

பின்னறையில், ஜன்னலை ஒட்டி ஒரு மேசை. மூன்று வருடமாக அது என்னுடையது. பைக்கின் முன்னால் காற்றைத் தடுக்க மாட்டியிருப்பார்களே, அந்தக் கண்ணாடிகள் கழற்றப்பட்டு அங்கே வரும். பேருக்குத்தான் கண்ணாடி, எல்லாம் பிளாஸ்டிக். வெயில் பட்டு மங்கி, காய்ந்த துணியால் துடைத்துத் துடைத்துக் கீறல் விழுந்து, புரை விழுந்த கண் போல வரும். முதலில் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டுவேன். பிறகு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள். தண்ணீரில் நனைத்து, முதலில் எண்ணூறு நம்பர், அப்புறம் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம், மூவாயிரம். ஒரு தாள் குறுக்கே போனால் அடுத்த தாள் நெடுக்கே. நடுவில் பார்த்தால் முன்பைவிட மோசமாக, பால் ஊற்றியது போல வெளுத்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் பயந்துவிடுவார்கள். பயப்படாமல் போனால், கடைசியில் பாலிஷ் பசையும் பஞ்சும் பட்டதும் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வேலி அதற்குள்ளே தெரியும். அந்த நிமிடத்துக்காகவே நான் காலையில் எழுந்திருப்பேன். மேசையில் பேசத் தேவையில்லை. அண்ணன் எட்டிப் பார்த்து, “கோட்டான், பிச்சிட்ட!” என்பான். கோட்டான் என்பது அவன் எனக்கு வைத்த பேர். அது போதும் எனக்கு.

நான்கு மாதத்துக்கு முன் அண்ணி வந்தாள்.

கல்யாணம் முடிந்த பத்தாம் நாளே பட்டறைக்கு வந்துவிட்டாள். வாசலில் நின்று வாடிக்கையாளர்களோடு சிரித்துப் பேசினாள். விசிலடித்தாள். என் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் வந்தது. நானும் அண்ணனும் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். இப்போது அவர்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. சின்ன டப்பா. அவள் எதையும் ஒரு தடவைதான் பார்ப்பாள், உடனே செய்துவிடுவாள். நான் மூன்று மாதத்தில் பழகியதை மூன்று வாரத்தில் பழகினாள். அவள் தேய்த்த முதல் கண்ணாடியை அண்ணன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “என்னா கைடி உனக்கு!” என்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான். “யாருக்கோ காதுல புகை வருதே!”

வந்தது உண்மைதான்.

இதில் கொடுமை, அண்ணியை வெறுக்கவும் வழியில்லை. வீட்டில் யாரும் என் மௌனத்தை ஒரு பொருட்டாக எடுத்ததில்லை. அவள் எடுத்தாள். “பாப்பா, உன்னக் கண்டுபுடிச்சிட்டேன். வேணாம்னா கீழுதட்டக் கடிப்ப. சரின்னா சும்மா இருப்ப. இது போதும், நாம ஊர்க்கதையே பேசலாம்.” அது முதல் எதைக் கேட்டாலும் என் உதட்டைத்தான் பார்ப்பாள். ஒருநாளும் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை. அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

போன செவ்வாய்க்கிழமை மாட்டு டாக்டரின் வண்டிக் கண்ணாடி வந்தது. பழைய மாடல். அந்தக் கண்ணாடி இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. டாக்டர் தினமும் பண்ணை பண்ணையாகப் போகிறவர். காற்று பட்டால் கண்ணில் நீர் கொட்டும். அண்ணன் அதை அண்ணியின் கையில் கொடுத்தான்.

“இத நீ தனியா முடி. நல்லா வந்தா மேசை உனக்கு.” பிறகு என் பக்கம் திரும்பினான். “நீயும் எத்தனை நாள்தான் இந்தத் தூசியில கெடப்ப? வீட்ல நிம்மதியா இரு.”

வீட்டில் அந்தச் சுவர் அப்படியே இருக்கிறது.

கண்ணாடியின் நடுவே பழைய ஸ்டிக்கரை உரித்த பிசின், உள்ளங்கை அகலத்துக்கு. நானாக இருந்தால் சமையல் எண்ணெய் தடவி, கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுப்பேன். ஒரு மணி நேரம் ஆகும். பெட்ரோல் டேங்கில் ஒட்டிய பிசினை அண்ணன் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து ஒரே இழுப்பில் எடுப்பதை அண்ணி பார்த்திருக்கிறாள். ஆனால் டேங்க் இரும்பு. பிளாஸ்டிக்கில் தின்னர் பட்டால் அவ்வளவுதான். அதைச் சொல்லிக்கொடுக்கும் நாள் இன்னும் வந்திருக்கவில்லை.

அவள் தின்னர் டப்பாவை எடுத்தாள். துணியை நனைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

“பாப்பா, இதால தொடைக்கலாம்ல?”

என் பல் உதட்டுக்கு வந்தது. நான் அதை நிறுத்தினேன். வாயை லேசாக மூடிக்கொண்டு, சும்மா இருந்தேன்.

“சரி” என்று சிரித்துவிட்டுத் துடைத்தாள்.

பிசின் போய்விட்டது. ஒரு நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஸ்குரூ ஓட்டையிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு கிளம்பியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. சிலந்தி பின்னுவது போல உள்ளுக்குள்ளேயே ஓடி ஓடி, முழுக்க வெளுத்தது. எண்ணூறு நம்பரை எடுத்துக்கொண்டு அண்ணி வேகவேகமாகத் தேய்த்தாள். தேய்த்துப் போகிற கீறல் இல்லை அது. எனக்குத் தெரியும். அதையும் நான் சொல்லவில்லை.

டாக்டர் வந்து கையில் வாங்கிப் பார்த்தார். “வந்தப்போ பாதியாவது தெரிஞ்சுதேம்மா” என்றார். அவ்வளவுதான். கண்ணாடி இல்லாத வண்டியில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனார்.

அண்ணன் அதற்குப் பிறகுதான் வெடித்தான்.

“தின்னரா? அறிவிருக்கா ஒனக்கு? பக்கத்துலதான உக்காந்திருக்கா? இவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாது?”

அண்ணி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். இதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

“கேக்கல” என்றாள். “என் தப்புதான்.”

“இனிமே இந்த மேசைப் பக்கமே வராத. அவ வேலைய அவ பாக்கட்டும்.” அண்ணன் முன்பக்கம் போய்விட்டான். போகிற போக்கில் என் தலையில் செல்லமாக ஒரு தட்டு.

மேசை எனக்கே கிடைத்துவிட்டது. ஜன்னல், தண்ணீர் வாளி, நம்பர் வரிசையில் தாள்கள், எல்லாம்.

“அண்ணி” என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. “அண்ணி, எனக்குத் தெரியும். நான்…”

அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. வழக்கம் போல உதட்டைப் பார்த்தாள். அதைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இடுப்பில் கட்டியிருந்த துடைக்கும் துணியை அவிழ்த்தாள். நான்காக மடித்து ஸ்டூலின் மேல் வைத்தாள். ஸ்டூலை என் மேசைக்கு அடியில் தள்ளினாள். பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.