தம்பியின் வண்டிக்கு இடம்

தங்கராஜுவுக்கு ஒரு வீம்பு உண்டு. தம்பியிடம் எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டார். நடந்ததைச் சொல்வார், மீதியைத் தம்பி தானாகப் புரிந்துகொண்டு செய்ய வேண்டும். கேட்டு வாங்கிவிட்டால் அப்புறம் அவர் என்ன அண்ணன்? அவர் வேலை பார்த்த தோட்டத்தில் பாதிப் பேருக்கு இதே வீம்புதான். நல்ல காலத்தில் அது பார்க்க அழகாகவும் இருக்கும்.

மலேசியாவில் பகாவுக்குப் பக்கத்தில், எண்ணெய்க்குப் பழம் வெட்டும் செம்பனைத் தோட்டம். முப்பத்தொரு வருடம் அங்கே டிராக்டர் ஓட்டினார், பழக்குலை ஏற்றிய டிரெய்லரை மேடு பள்ளமெல்லாம் இழுத்தார். ஓய்வு பெற்ற பிறகும் கம்பெனி கட்டிய வரிசை வீடான லயத்து வீட்டிலேயே இருந்தார். இப்போது லயத்தை இடித்துவிட்டு அங்கே லாரிகளை நிறுத்தப் போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிக் கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது. அன்றைக்கே ராசா டவுனில் இருக்கும் தம்பி தர்மராஜுக்குப் போன் போட்டார்.

"நோட்டீஸ் ஒட்டிட்டாங்க தம்பி" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

மனைவி பஞ்சாலை தலையில் அடித்துக்கொண்டாள். "எங்களுக்கு ஒரு வழி பண்ணுன்னு சொன்னா வாயில இருக்கிற முத்து கொட்டிருமா? ஜோகூர்ல நம்ம மக ஒரே ரூம்ல நாலு பேரோட கெடக்குறா. அங்க போயி எங்க படுக்கிறது?"

"அவனுக்குத் தெரியும்லா. சும்மா இரு."

எட்டாம் நாள் தம்பியே கூப்பிட்டான். "அண்ணே, ஒரு கேரவான் வாங்கிட்டேன். இழுத்துட்டுப் போற வண்டி வீடு. கட்டில், அடுப்பு, கக்கூஸ், எல்லாம் உள்ளயே இருக்கு. உங்க வீட்டுப் பக்கத்துல எடம் ரெடி பண்ணுங்க. தோட்ட மேனேஜர்கிட்ட பேசிட்டேன். வண்டி ஒரு இஞ்சுகூட அசையக்கூடாது."

தங்கராஜு போனை வைத்துவிட்டுப் பஞ்சாலையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. பார்த்தாயா, என் தம்பி!

அடுத்த ஒரு வாரம் மனிதர் தரையில் நிற்கவில்லை. மண்ணை வெட்டிச் சமப்படுத்திச் சல்லி கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்தார். வழியில் நின்ற முருங்கையைப் பஞ்சாலை வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த வெட்டிப்போட்டார். சக்கரத்துக்கு அடியில் வைக்க நல்ல பலகை வேண்டுமே, அதற்குத் தங்கள் பழைய கட்டிலை அறுத்தார். புதுக் கட்டில் வரும்போது இது எதற்கு? இருவரும் பாயில் படுத்தார்கள். பஞ்சாலைக்கும் மெல்ல மெல்ல நம்பிக்கை வந்துவிட்டது. சன்னல் திரைக்கு நீலத் துணி எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை தம்பி வந்தான். பெரிய ஃபோர்வீல் வண்டிக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று கேரவான். பின்னால் தள்ளி நிறுத்தத் தெரியாமல் நாலு தடவை வேலியில் இடிக்கப் போனான். "எறங்குடா" என்று தங்கராஜு தானே ஏறி, ஒரே எடுப்பில் சல்லி மேல் கொண்டுபோய் நிறுத்தினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் கொஞ்சம் தாழ்வு. பலகையைப் போட்டு அந்தச் சக்கரத்தை அதன்மேல் ஏற்றினார். இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை கொடுத்த பிறகுதான் கொக்கியைக் கழற்றவிட்டார்.

தம்பி அவசரமாக மூலைக் கால்களைத் திருகி வண்டியைத் தூக்கப் பார்த்தான். தங்கராஜு கையைத் தட்டிவிட்டார். "அது தூக்குற ஜாக்கி இல்ல தம்பி, ஆடாம தாங்குற காலு. பாரத்தைச் சக்கரம்தான் சுமக்கணும். தரையைத் தொட்டு இறுக்கம் வந்ததும் விட்டுரு."

தர்மராஜ் உள்ளே ஏறிக் குதித்துப் பார்த்தான். அசையவில்லை. "பெஸ்ட்டுண்ணே!" என்று இறங்கி வந்தவன் கதவைப் பூட்டினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டான். பிறகு ஒரு பெரிய உறையை விரித்து வண்டியை மூட ஆரம்பித்தான்.

"எதுக்கு மூடுறே?"

"வெயில்ல பெயிண்டு போயிரும்ணே. எங்க கொண்டோ பிளாட்டுல நிறுத்த எடமில்ல. ஸ்கூல் லீவு விட்டா பிள்ளைங்களோட போர்ட்டிக்சன் பீச்சுக்கு இழுத்துட்டுப் போவோம், மத்த நாள் இங்கயே நிக்கட்டும்."

தங்கராஜு ரசமட்டத்தைக் கீழே வைத்தார். பஞ்சாலைதான் பேசினாள். "நாங்க எங்க போவோம்னு நெனச்சீங்க தம்பி?"

"மக வீட்டுக்குன்னுதான் நெனச்சேன். அண்ணன் ஒண்ணும் கேக்கலையே!" அவன் உண்மையாகவே திகைத்துப்போனான். நடிப்பு இல்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

தங்கராஜு வேலியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாகத் தம்பியிடம் கேட்டார். "வேற எடம் கெடைக்கிற வரைக்கும், நாங்க ரெண்டு பேரும் இதுக்குள்ள இருந்துக்கவா தம்பி?"

தர்மராஜ் உறையின் நாடாவையே முடிந்துகொண்டிருந்தான். "மேனேஜர் எழுதி வாங்கிட்டாருண்ணே. வண்டி மட்டும்தான் நிக்கலாமாம், ஆளு தங்கக்கூடாதாம். நான் சைன் வச்சிட்டேன். மொதல்லயே கேட்டிருந்தா பேசிப் பாத்திருப்பேன்."

பஞ்சாலை உள்ளே போய்ச் சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். அவள் தன்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தங்கராஜுவுக்குத் தோன்றியது.

தம்பி ஃபோர்வீல் வண்டியைக் கிளப்பினான். கொஞ்ச தூரம் போனவன் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

"அண்ணே, லயத்த ஒடைக்கிற அன்னிக்கு மட்டும் பக்கத்துல நின்னு பாத்துக்கங்க. கல்லு கில்லு தெறிச்சு கேரவான்மேல விழுந்துறப் போவுது."

"சரி தம்பி" என்றார் தங்கராஜு.