வேர்க்காத வெயில்

வண்டி அச்சு முறிந்துவிட்டது என்று ஷஹீர் போனில் சொன்னபோது தேங்காய்ப்பட்டணத்தில் மணி இரண்டரை. விடாத மழை. சவூதியில் அப்போது உச்சி வெயில்.

பாஹிமா அடுக்களைச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள். ஒட்டகப் பண்ணைக்குத் தீவனம் ஏற்றிப்போன பிக்கப், தார் ரோட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே மணலில் நிற்கிறது. ஆள் அனுப்புவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். எப்போது என்று சொல்லவில்லை. மூன்று வருஷமாக இதே கதைதான். ஒன்று வண்டி படுக்கும், இல்லையென்றால் புருஷன் படுப்பான். அவளுக்குப் பதறக்கூடத் தெம்பில்லை.

"சட்டையக் கழத்திட்டேன் ஏட்டி. ஒரு துளி வேர்க்கல்ல. ரெண்டு குப்பி வெள்ளமும் குடிக்காம அப்படியே இருக்கு. கொஞ்சம் கழிச்சு ரோட்டுக்கு நடப்பேன்."

வேர்க்கவில்லை என்றால் உடம்பு சூடாகவில்லை. கடற்கரைக்காரி கணக்கு அது. பின்வாசலில் வாஷிங் மெஷினைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக் ஜெப்சனிடம் அதை நிம்மதியாகவே சொன்னாள். பதினெட்டு வருஷம் அதே மணலில் லாரி ஓட்டியவன் அவன். ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"வேர்க்குது பிள்ளே. வேர்த்த உடனே காத்து நக்கிருது. நம்ம ஊரு காத்துல ஈரம் உண்டு, வேர்வை மேலிலேயே நிக்கும். அங்க நிக்காது. ஆளு காயுதது ஆளுக்கே தெரியாது. போனப் போடு."

மூன்றாம் தடவைதான் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டு ஜெப்சனிடம் நீட்டினாள். கையை நக்கிப் பார்க்கச் சொன்னான் அவன். உப்பு என்றான் ஷஹீர்.

ஜெப்சன் மளமளவென்று சொன்னான். சட்டையைப் போடு, தலையை மூடு. தண்ணீரை மிச்சம் பிடிக்காதே, குப்பியில் கிடக்கிற தண்ணீர் யாரையும் காப்பாற்றாது. வண்டிக்கு அடியில் ஒரு அடி மணலைத் தோண்டித் தள்ளு, கீழே சூடு குறைவு, அதில் கிட. அங்கே உள்ள பல்லி, பாம்பு, நரி எல்லாம் வெயில் தாழும்வரை அப்படித்தான் கிடக்கும்.

"இவரு மழையில நின்னுட்டு சொல்லுவாரு," ஷஹீரின் குரல் உலர்ந்திருந்தது. "இங்க எவனும் வரமாட்டான். நான் நடக்கேன்."

பாஹிமா போனை வாங்கினாள்.

"நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். கிடங்க. அது போதும்."

அவன் போன் செத்திருந்தது.

கிடக்கிறானா, நடக்கிறானா? அசர் தொழுதாள், பொழுது அடைந்ததும் மஃரிபும் தொழுதாள். மெஷினை எப்போதோ மாட்டி முடித்திருந்த ஜெப்சன் போகாமல் உட்கார்ந்திருந்தான்.

ஏழே காலுக்குத் தெரியாத நம்பர். முதலாளி அனுப்பிய ஒரு மலையாளி டிரைவர். வண்டியில் ஆள் இல்லை, நடந்து போயிருப்பான் என்று தாண்டிப் போகப் பார்த்தார்களாம். அடியில் ரெண்டு பாதம் தெரிந்ததாம்.

பிறகு ஷஹீர் பேசினான். இருநூறு அடி நடந்ததாகவும், திரும்பிவிட்டதாகவும் சொன்னான்.

"ஒன் பேச்சக் கேட்டுன்னு நினைக்காத. நடக்க மடி பிடிச்சு, சோம்பேறித்தனம், அவ்வளவுதான்."

அவள் சிரித்தாள் என்றுதான் ஜெப்சன் நினைத்தான். முகத்தைப் பார்த்துவிட்டு முற்றத்துக்கு இறங்கிப் போனான்.

"நாளைக்கு வேற வண்டி தாராவ," என்றான் ஷஹீர். "அதே பண்ணைதான். ஒட்டகம் பட்டினி கிடக்கே."

ஊருக்கே வந்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"செரி," என்றாள். "இப்ப உறங்குங்க."