மொட்டைமாடியில் ஏழு மணி நேரம்

பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையில் செயற்கைக்கோள் தொலைபேசியைக் கவனித்துவந்த போன்காரம்மா எந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்தாலும், கால் மணி நேரத்தில் அவளது இடது காது தானாகத் திரும்பி, செயற்கைக்கோள் இருக்கும் திசையைப் பார்க்கும். பதினோரு வருடப் பழக்கம். “கட்டின புருஷன் கத்தினா விழாது, மேல இருக்கறது முணுமுணுத்தா விழுந்துடும்” என்று பஸ் ஓட்டும் கணவர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். குறை சொல்வதுபோல் இருந்தாலும் முகத்தில் பெருமை வழியும். திங்கள்கிழமைதோறும் காலை பத்து மணிக்குப் பதினான்கு ஊர்களிலிருந்தும் சோதனை அழைப்பு வரும். “இது ஒத்திகை” என்றுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். சொல்லிச் சொல்லி அது எல்லார் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது.

வெள்ளம் வந்ததும் ஒரு திங்கள்கிழமைதான். செல்போன் கோபுரங்கள் சாய்ந்தன, கேபிள்கள் அறுந்தன, மிஞ்சியது கட்டுப்பாட்டு அறையின் மொட்டைமாடியில் இருந்த செயற்கைக்கோள் டிஷ் மட்டுமே. சரியாகப் பத்து மணிக்குத் தீவு ஆஸ்பத்திரியிலிருந்து போன்காரம்மாவின் தங்கை பேசினாள். அங்கே அவள் நர்ஸ். “இது ஒத்திகை. தண்ணி முதல் மாடிக்கு வந்துடுச்சு. நாப்பது நோயாளிங்க இருக்காங்க, படகு அனுப்புங்க.” கட்டுப்பாட்டு அறை அதிகாரி ‘ஒத்திகை’ என்று எழுதி நோட்டை மூடிவிட்டார். “சார், பயத்துல வாய்ப்பழக்கமா சொல்லிட்டா. பின்னாடி கட்டில் மிதந்து சுவத்துல இடிக்கிற சத்தம் எனக்குக் கேக்குது” என்றாள் போன்காரம்மா. “அவங்களே ஒத்திகைங்கறாங்களேம்மா! இருக்கறதே ஆறு படகு. திரும்பக் கேட்டுச் சொல்லுங்க, உடனே அனுப்பறேன்.” கேட்பதற்குள் காற்று டிஷ்ஷைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

அவள் மாடியேறி, அறுந்த ஒயரின் நுனியை வலது கையில் இறுக்கிப் பிடித்து, வானத்துக்குக் காதைக் கொடுத்து நின்றாள். கீழே தொலைபேசி அடித்தது. அதிகாரி எடுத்து, “ஒத்திகையா, நிஜமா?” என்றார். “நிஜம் சார், நிஜம்! சீக்கிரம் வாங்க!” என்று தங்கை அலறினாள். ஆறு படகுகளும் கிளம்பின. அதற்குள் மற்ற ஊர்களும் அவள் வழியாகவே பேசத் தொடங்கியதால் கையை எடுக்க முடியவில்லை. ஏழு மணி நேரம் நின்றாள். கணவர் குடையோடு வந்து, சிக்னலை மறைக்காமல் எட்டி நின்று, “என் பொண்டாட்டிதான்!” என்று கீழே போன படகுகளுக்கெல்லாம் அறிவித்தார்.

சாயங்காலம் நாற்பது நோயாளிகளையும் கரையேற்றிவிட்டுக் கடைசிப் படகில் வந்த தங்கை, சொட்டச் சொட்ட மாடியேறினாள். காது திரும்பினால் சிக்னல் போய்விடும் என்பதால் திரும்பிப் பார்க்க முடியாமல் அக்கா அழுதாள். தங்கை பின்னாலிருந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். கீழே தொலைபேசியில் சிக்னல் இன்னும் ஒரு கோடு ஏறியது. அதிகாரி மணி பார்த்து அதையும் எழுதிவைத்தார்.