காலில் சீட்டுக் கட்டிய குருவி

1
இந்தக் கதை ஓர் இழுப்பறையில் பிறந்தது. லண்டன் அருங்காட்சியகத்து இழுப்பறை. [நான் லண்டன் போனதில்லை. புகைப்படம்தான்.] மல்லாந்து கிடக்கும் சின்னப் பழுப்புக் குருவி, கண்களில் பஞ்சு, காலில் சீட்டு. ஓர் இனத்துக்குப் பெயர் வைத்தபோது சான்றாக வைத்த முதல் குருவி அதுதான். அதனால் வெளியே அனுப்ப மாட்டார்கள், சீட்டையும் திருத்த மாட்டார்கள். அது பிடிபட்ட பிச்சாட்டூர் ஆந்திராவுக்குப் போய் எத்தனையோ காலமாகியும் சீட்டில் இன்னும் வட ஆற்காடுதான். [குருவியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சரிபார்க்கக் கிளம்பிவிடுவீர்கள்.]

2
"1999, பிச்சாட்டூர் ஏரிக்கரையில் அந்தி சாயும்..."

வேண்டாம். அந்தி சாய்ந்தாலே எனக்கு வர்ணனை நீண்டுவிடும்.

பிச்சாட்டூர் யோகேஷ், லண்டனில் அந்த மாதிரிச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்குப் போனான். இரண்டே வருடம் என்று மனைவி அகிலாவிடம் சொல்லிவிட்டுப் போனான். ஞாயிறு சாயங்காலம், ஊர் பஸ் நிறுத்தத்து எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிடுவான். அவள் காத்திருப்பாள்.

3
"நம்மூர்க் குருவி ஒண்ணு இங்க கீது அகிலா."

"வேலிகாத்தான் முள்ளு மேல ஒக்காந்துகினு கத்துமே, அதுவா?"

"அதான். இன்னும் மூணு வருசம் இருக்கச் சொல்றாங்க. நாளைக்குப் பதில் சொல்லணும். நீ இன்னா சொல்ற?"

இங்கே அகிலா அழுவதாக எழுதினேன். அவள் அழவில்லை. வா என்றால் வந்துவிடுவான், ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். சொல்லாவிட்டால் வரவே மாட்டான்.

"அங்க அது கத்துதா?"

"செத்த குருவி எப்டிக் கத்தும்?"

"அப்ப லைன்ல இரு." பூத்துக்காரரிடம் திரும்பினாள். "சண்முகம்ணா, ஃபோன வாசலுக்கு இழு."

"வயர் பத்தாதும்மா."

"பத்தற வரிக்கும் இழு."

வாசல்வரை வந்தது. எதிரே வேலிகாத்தான் புதர். ரிசீவரை அதன் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

4
முடிவு ஒன்று: குருவி கத்துகிறது, யோகேஷ் டிக்கெட் எடுக்கிறான். அடித்துவிட்டேன். குருவி கத்தி யாரும் விமானம் ஏறியதில்லை.

முடிவு இரண்டு: திருப்பதி பஸ் வருகிறது. கண்டக்டர் "ரண்டி, ரண்டி" என்று கூவுகிறார். [தெலுங்கு. வாங்க, வாங்க என்று அர்த்தம்.] லண்டனில் அது மட்டும் கேட்கிறது. அதைக் கேட்டு அவன்...

இதை என்னால் முடிக்கவும் முடியவில்லை, அடிக்கவும் மனம் வரவில்லை.

பஸ் போய்விட்டது. அகிலாவின் கை வலிக்கிறது, இறக்கவில்லை. அந்தப் பக்கம் அவனும் போனை வைக்கவில்லை. புதருக்குள் ஏதோ அசைகிறது.

நீங்கள் கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள்.