வென்ட் புகுந்த வீடு

நாலாம் பாரத்தில் சபியா எழுந்து நின்று கேட்டாள். "ஏனுங்க டீச்சர், இறந்தகாலத்துல வாக்குக்கு வாக்ட், டாக்குக்கு டாக்ட். கோவுக்கு மட்டும் ஏனுங்க வென்ட்?"

பழனாத்தாளுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. கொல்லங்கோட்டின் அந்தப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் வேலைக்காக அவள் நடத்திக் காட்டும் சோதனை வகுப்பு அது. வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷமாகியும் அவன் பாஷைக்கு மவுசு குறையவில்லை. வேலை கிடைக்காவிட்டால் தையில் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். எலப்புள்ளியில் பஸ் ஏற்றிவிடும்போதே அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். ஆனாலும் அவளுக்குத் துளி பயமில்லை. இங்கிலீஷ் வார்த்தைகளின் பூர்வீகத்தைக் கல்லூரியில் தேடித் தேடிப் படித்தவள், இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி சாக்பீஸை எடுத்தாள்.

கடைசி வரிசைக்குப் பின்னால் தலைமையாசிரியர் ராமபத்ரனும் பள்ளி மேனேஜர் சென்னிமலையும் இருந்தார்கள். மேனேஜர் நாற்காலியின் நுனியில், எழுந்திரு என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்பவர்போல உட்கார்ந்திருந்தார். பள்ளியை ஆள்கிறவர் இப்படியா உட்காருவார் என்று அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

"கோவுக்கு இறந்தகாலத்துக்குன்னு பழைய சொல்லு ஒண்ணு இருந்துச்சு. அது மறைஞ்சு போச்சு. வென்ட் வேறொரு சொல்லு பெத்த பிள்ளை. கோ அதைக் கூட்டீட்டு வந்து தன் ஊட்ல வெச்சுக்கிச்சு. ஆண்வாரிசு இல்லாத ஊட்டுக்கு வீட்டோட மாப்பிள்ளை வர்ற மாதிரி."

சிரிப்பை எதிர்பார்த்து நின்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் திரும்பி மேனேஜரைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் கவிழ்த்துக்கொண்டன. ராமபத்ரன் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கொல்லங்கோட்டில் எல்லாருக்கும் தெரிந்து ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் எலப்புள்ளிக்காரிக்கு எப்படித் தெரியும்? பள்ளி மாமனாருடையது. சென்னிமலை பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த வீட்டோடு மாப்பிள்ளை.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்ததிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. வேலை போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால், வந்து புகுந்தது இழிவு என்று தானே சொன்ன மாதிரி ஆகும். அதற்கு அவள் வாய் வளையவில்லை. மேனேஜரை நேராகப் பார்த்தாள்.

"வந்தவன்னு இன்னைக்கு அதை யாராச்சும் சொல்றாங்களா? அது இல்லீன்னா கோ ஊட்ல நேத்துங்கற பேச்சே இல்லை. அந்தப் பழைய சொல்லை இங்கிலீஷ்காரனே மறந்துட்டான்."

ராமபத்ரன் பதறி எழுந்தார். "போறும்மா, கிளாஸை முடிச்சுக்கோங்கோ."

"இருங்க சார்," என்றார் சென்னிமலை. அவர் முகத்தில் இருந்தது கோபமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "அது பொறந்த ஊடு என்னாச்சுங்க? அங்க தேடலீங்களா?"

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "தேடியிருக்கும்ங்க. அப்புறம் பெத்த சொல்லு தன் இறந்தகாலத்துக்குப் புதுசா வேறொண்ணை உண்டாக்கிக்கிச்சு."

அவர், "அடுத்த கேள்வி யாரு கண்ணு கேக்கறது?" என்று பிள்ளைகளைக் கேட்டுவிட்டு மெல்லப் பின்னுக்கு நகர்ந்து, நாற்காலியில் முதுகு முழுக்கச் சாய்ந்தார். பழைய நாற்காலி கிறீச்சிட்டது.