பக்கத்தில் இன்னும் இருக்கிற நாய்

1

இந்தக் கதை, நாய் இல்லாமல் ஆணியில் தொங்கும் ஒரு கழுத்துப்பட்டையிலிருந்து பிறந்தது. பட்டையைப் பார்த்தால் மனைவி பெருமூச்சு விடுகிறாள். நான் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆளுக்கொரு வியாதி.

முதல் தொடக்கம்: எங்கள் மகள் பிராணிகள் காப்பகத்துக்கு இணையதளம் செய்து கொடுத்தாள். வீடில்லாத நாய்களைப் படத்தில் பார்த்து, பிடித்ததை வளர்க்கக் கூட்டிப்போகலாம். அந்தப் பக்கம் திறப்பதற்குள் நான் சவரம் செய்து, தாடி மறுபடி முளைத்து, அது நெஞ்சுவரை

[கைவிடப்பட்டது. தோளுக்குப் பின்னால் நின்று படிக்கும் மனைவி, "டீ ஆறுற நேரந்தாங்க ஆச்சு" என்கிறாள். காலமெல்லாம் சோப்பு விளம்பரத்துக்கு வாசகம் எழுதியவன் நான். வேலையிலிருந்துதான் ஓய்வு, புளுகிலிருந்து அல்ல.]

2

இது பாடம். தூக்கம் வருகிறவர்கள் மூன்றுக்குத் தாவலாம்.

"ஒவ்வொருத்தர் வந்து கேக்கும்போதும் சைட்டு மறுபடி உள்ள போய் எல்லா நாயையும் தேடி எடுத்துட்டு வருதுப்பா. அதான் லேட்டு" என்றாள் மகள். "ஒரு தடவை எடுத்ததை நகல் பண்ணி வாசல்லயே வெச்சுட்டா, வர்றவங்களுக்கு அதையே நீட்டிடலாம்."

அதற்குக் கேஷிங் என்று பெயராம்.

"பிளாஸ்க்ல டீ ஊத்தி வைக்கிற மாதிரியாடி?" என்றாள் மனைவி.

"அதேதாம்மா."

"ஆறிப்போச்சுன்னா?"

"தினமும் ஒரு தடவை புது நகல் எடுத்துக்கும். ஒரு நாய் போறதுக்கே வாரக்கணக்காகுது, அது போதும்."

பக்கம் பறந்தது. தொட நினைத்தாலே திறந்தது. (தொட்டால்தான். – மனைவி)

3

கதாநாயகன்: ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்த நாய். கன்றுக்குட்டி அளவு. (மடியில அடங்கும்.)

"ஏங்க, இவன் என்னையே பாக்கறான்."

"போட்டோ எடுத்தவனைப் பாத்திருப்பான்."

கிண்டல் செய்தேனே தவிர, எனக்கு இது வேண்டும் என்று எதையும் கேட்டுப் பழகாதவள் அவள். முதன்முதலாகக் கேட்டது இந்த நாயைத்தான். பட்டை வாங்கிக்கொண்டு புறப்பட்டோம்.

"அவனா? நேத்து சாயங்காலமே லாரி டிரைவர் ஒருத்தர் கூட்டிட்டுப் போயிட்டாரே" என்றார் காப்பகக்காரர்.

"காலைல கூட பக்கத்துல இருந்தானே" என்றாள் மனைவி.

"இப்படித்தான் காலைலேருந்து ஒவ்வொருத்தரா வர்றாங்கம்மா. அந்தப் பக்கத்தைச் செஞ்சு குடுத்த மகராசி வரட்டும். ரெண்டு வார்த்தை கேக்கணும்."

மகராசியைப் பெற்ற இருவரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தோம்.

4

"பக்கம் வேகமானதும் பாக்கறவங்க கூடிட்டாங்கப்பா" என்றாள் மகள் போனில். "நாய்ங்க மளமளன்னு போகுது. நகல்தான் பின்தங்கிடுச்சு." ஆக, அவள் வேலை கெட்டது அது நன்றாக நடந்ததால்.* "இனிமே ஒரு நாய் போனா அந்த நிமிஷமே பழைய நகல் போயிடும். அம்மா, உன் போன்லயும் பக்கத்தை ஒரு தடவை புதுசாக்கிக்கோ. இல்லேன்னா அவனையே காட்டிட்டிருக்கும்."

"தெரியும்டி. இருக்கட்டும்."

* விமர்சகர்கள் இந்த வரியை மேற்கோள் காட்டலாம். எனக்கு விமர்சகர்கள் கிடைத்தால்.

5

லாரி டிரைவரை வில்லனாக்குவதாகத் திட்டம். முறுக்கு மீசை, சிவந்த கண். (மீசையே இல்லைன்னு காப்பகக்காரர் சொன்னாரே.) காப்பகக்காரர் மனமிரங்கி எங்கள் எண்ணை அவரிடம் கொடுக்க, அந்த மனுஷனே இன்று காலையில் கூப்பிட்டு என் திட்டத்தைப் பாழாக்கினார்.

"பாதி நாள் ரோட்லதாம்மா என் பொழப்பு. இவன் வண்டில ஏறவே மாட்டேங்கறான். இன்னொரு தடவை ஏத்திப் பாக்கறேன். ஏறலைன்னா உங்களுக்குத்தான் மொத போன்."

முடிவு அ: நாய் ஏறிவிடுகிறது. நாங்கள் குடம் குடமாக அழுகிறோம்.

முடிவு ஆ: ஏற மறுத்த நாய், மூன்று மலைகளையும் ஓர் ஆற்றையும் தாண்டி எங்கள் வாசலுக்கு (போதுங்க.)

முடிவு இ:

போன் அடிக்கிறது. மனைவி ஓடிவிட்டாள். திருத்த ஆள் இல்லை, இஷ்டத்துக்குப் புளுகலாம். கை ஓடமாட்டேன் என்கிறது.

உங்களிடம் இருப்பது, போனில் வந்த சேதி தெரிவதற்கு முன் நான் எடுத்துவைத்த நகல். அதற்குப் பிறகு நடந்தது இதில் ஏறாது. புதுசாக்கிப் பார்ப்பதா, இப்படியே வைத்துக்கொள்வதா என்பது உங்கள் பாடு.

அங்கே "சொல்லுங்க தம்பி" என்று அவள் குரல் கேட்கிறது. ஆணியைப் பார்க்கிறேன். போகிற போக்கில் பட்டையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.