முத்தாய்ப்பு இல்லாத மெட்டு

கண்ணாடிக்காரரின் தங்கைக்குப் பதினைந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு இரண்டு பல் முளைத்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. எங்கள் தெருவில் இதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. அந்த வருடம் எங்களுக்கு எதுவுமே முடியவில்லை. பிரசவம் மட்டும் முடிந்துவிடுமா என்ன? பெயிண்டர் ஒரே சுவரை மாதக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு அடித்தாலும் மூலையில் ஒரு சாண் பாக்கி நின்றது. முடிவெட்டும் கடைக்குப் போனவர்கள் பாதித் தலையோடு வீடு திரும்பி, மறுநாள் அதே தலையோடு போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மாடி வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் கடைசி மூச்சை உள்ளே இழுத்துவிட்டு, அதை வெளியே விட வழியில்லாமல் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். அவருடைய மகன்கள் முறை வைத்து லீவு போட்டுப் பார்த்து, பிறகு லீவும் தீர்ந்துபோய் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

கண்ணாடிக்காரர் என்றால் ஜன்னலுக்குக் கண்ணாடி அறுத்து மாட்டுகிறவர். அவர் மனைவி கணக்கு டீச்சர். கண்ணாடிக்காரருக்குப் பிடில் வாசிக்கத் தெரியும் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. ஒரே ஒரு மெட்டு வாசிக்கத் தெரியும். யார் போட்டதென்று தெரியாத பழைய மெட்டு அது. யார் யாரிடமோ கைமாறி அவருடைய அப்பாவிடம் வந்து, அப்பாவிடமிருந்து இவருக்கு வந்தது. இந்த மெட்டை எடுத்தால் முத்தாய்ப்பு வைத்து முடிக்காமல் பிடிலைக் கீழே வைக்காதே என்று அப்பா சொல்லியிருந்தார். பெரியவர்கள் சொல்கிற ஆயிரத்தில் இதுவும் ஒன்று என்று இவர் இருந்துவிட்டார்.

டீச்சர் படுத்த படுக்கையாகி, இந்த மாதம் தாண்டாது என்று டாக்டர் சொன்ன வாரத்தில், நாத்தனார் வயிற்றிலிருக்கும் பிள்ளை கேட்கட்டும் என்று அந்த மெட்டைப் பதிவு செய்யச் சொன்னார். கட்டிலுக்கு அருகே மருந்து டப்பாவில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் வாசித்தார். அவ்வளவு நன்றாக அவர் முன்பு வாசித்ததில்லை. முத்தாய்ப்புக்கு வில்லைத் தூக்கிய நேரத்தில் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் கொட்டத் தொடங்கியது. "மோட்டாரை நிறுத்துங்க" என்று டீச்சர் சொன்னது பதிவில் தெளிவாகக் கேட்கும். பதிவு அதோடு முடிகிறது. அவர் ஓடிப்போய் நிறுத்திவிட்டு வந்தபோது டீச்சர் தூங்கியிருந்தார். பல நாள் கழித்து வலியில்லாமல் வந்த தூக்கம். அதைக் கலைக்க மனமில்லாமல் பிடிலைப் பெட்டிக்குள் வைத்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

எழுந்ததும் டீச்சர் அதை நாத்தனாருக்கு அனுப்பினார். நாத்தனார் தையல்காரி, தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் ரவிக்கை தைக்கிறாள். அண்ணன் வாசித்த பெருமையில் தெருக் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். தெரு அதை ஊருக்கு அனுப்பியது. எல்லோருக்கும் பிடித்திருந்தது. முதல் சில வாரங்கள் யோகம் அடித்தது என்றுதான் நினைத்தோம். கேஸ் சிலிண்டர் தீரவில்லை, சோப்பு கரையவில்லை, பற்பசை அமுக்க அமுக்க வந்தது. பிறகு தட்டில் சோறும் தீரவில்லை. எவ்வளவு அள்ளித் தின்றாலும் கடைசி ஒரு பிடி அப்படியே இருந்தது, வயிறும் நிறையவில்லை. தும்மல் மூக்கு நுனி வரை வந்து நின்றது. எதிரெதிர் வீட்டுக்காரிகள் குப்பைத் தொட்டிக்காகப் போட்ட சண்டை, வழக்கமாக விளக்கு வைப்பதற்குள் அடங்கிவிடுவது, இரண்டு பேருக்கும் தொண்டை கட்டி, ஏன் தொடங்கியது என்பதே மறந்துபோன பிறகும் நடந்துகொண்டிருந்தது. காரணம் இஸ்திரிக்காரரால்தான் தெரிந்தது. அவருக்குக் காது அறவே கேட்காது. அவர் மட்டும் மூட்டை மூட்டையாகத் துணி தேய்த்து முடித்து, சாப்பிட்டுக் கை கழுவி, ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். தெருவே நின்று அந்த ஏப்பத்தைப் பொறாமையோடு பார்த்தது.

பதிவை எல்லோரும் அழித்தார்கள், பயனில்லை. கேட்டது கேட்டதுதான். முத்தாய்ப்பை வாசித்துவிடச் சொல்லி நாங்கள் கண்ணாடிக்கடைக்குப் போனோம். மறந்துபோய்விட்டது என்றார் அவர். எங்கள் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கோடும் விளிம்பைத் தொடவில்லை. டாக்டர் கெடு வைத்த மாதம் எப்போதோ போய்விட்டது, டீச்சர் உயிரோடு இருந்தார். அவருக்கு ஏன் மறந்துபோனது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வற்புறுத்த யாருக்கும் வாய் வரவில்லை. தபால்காரரின் பெரிய மகன் மட்டும் ஏதோ சொல்ல வந்தான், வாக்கியம் முடியவில்லை.

தையல்காரிக்குக் கத்தி வைத்து எடுத்துவிடலாம் என்றால், கடைசித் தோல் விலகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வெளியூரிலிருந்து கிளம்பிய டாக்டரோ ரயிலில் யாரோ ஃபோனில் வைத்த மெட்டைக் கேட்டுவிட்டு, இறங்க வேண்டிய ஸ்டேஷன் வராமல் இன்னும் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் அவள் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு கடைக்கு வந்து அண்ணன் எதிரில் உட்கார்ந்தாள். வாசி என்று அவள் கேட்கவில்லை. அண்ணியும் அவளும் ஒரு தாய் பிள்ளைகள் போல இருந்தவர்கள்.

"உள்ள அழுவுதுண்ணா," என்றாள். "ராத்திரி எல்லாம் எனக்குக் கேக்குது."

அவள் போன பிறகு கண்ணாடிக்காரர் கடையின் ஷட்டரை இறக்கினார். விளிம்பு தேய்க்கும் மெஷினை ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்து முத்தாய்ப்பை மட்டும் வாசித்துப் பதிந்து தங்கைக்கு அனுப்பினார். காதில் மாட்டிக்கொண்டு நீ மட்டும் கேள், கேட்டதும் அழித்துவிடு, யாருக்கும் அனுப்பாதே என்று சத்தியம் வாங்கினார். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அன்று சாயங்காலமே தோள்வரை முடியும் இரண்டு பல்லுமாகப் பெண் பிறந்தது. மனைவியும் இருக்கிறாள், தங்கையும் பிழைத்தாள் என்று கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் உள்ளே குழந்தை முதல்முதலாக அழுதது. மற்றக் குழந்தைகள் அழுகிற மாதிரி அழவில்லை. முத்தாய்ப்பை, அவர் வில் பிடித்த அதே நடையில், ஒரு சுரம் பிசகாமல் அழுதது. நர்ஸுக்குப் பல மாதமாக நின்றிருந்த தும்மல் வந்தது. பக்கத்து வார்டில் நான்கு பேர் கண்ணை மூடினார்கள்.

அதன் பிறகு குழந்தையை அவர் தன் வீட்டுப் பக்கமே அண்டவிடவில்லை. தங்கையையும் ஊர்க்கோடியில் ஒரு வீடு பார்த்துக் குடிவைத்தார். சளி, காய்ச்சல், பல் வலி என்று டீச்சரிடம் தினம் ஒரு பொய் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், சொன்னதையே திரும்பச் சொன்னார். ஒரு நாள் சாப்பிடும்போது டீச்சர் அவர் தட்டைக் காட்டினார்.

"புள்ள பொறந்த அன்னியிலேர்ந்து உங்க தட்டு காலியாகுது. எனக்கு மட்டும் மீதி விழுந்துகிட்டே இருக்கு. நான் கணக்கு டீச்சருங்க."

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு, நீ இருந்தால் போதும், ஊரில் எவன் வேலையும் முடிய வேண்டாம் என்றார்.

"என் வலி முடிய வேணாமா?" என்று டீச்சர் கேட்டார்.

அதை அவர் யோசித்ததே இல்லை. இத்தனை மாதமாக அவர் நெற்றியைத் தடவி, கால் பிடித்துவிட்டு, மாத்திரை எடுத்துக் கொடுத்து எல்லாம் செய்தார்; மாத்திரையில் அடங்க வேண்டிய வலி அடங்காமல் நின்றுகொண்டிருப்பதை மட்டும் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்றும் சொல்லலாம். மனிதன் அப்படித்தான்.

டீச்சரே நாத்தனாருக்கு ஃபோன் செய்து குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார். அவள் வயிறு முட்டப் பால் கொடுத்து, சிரிக்கவைத்துக்கொண்டே எடுத்துவந்தாள். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. திறக்கச் சொன்னது டீச்சர்தான். மடியில் வாங்கிக்கொண்டு, மூக்கு யார் ஜாடை, காது யார் ஜாடை என்று பார்த்தார். முடியை ஒதுக்கிப் பின்னிவிட்டார். பின்னல் நுனியில் கொஞ்சம் பின்னாமலே நின்றது. குழந்தை இரண்டு பல்லையும் காட்டிச் சிரித்துவிட்டு, பழகாத இடம் என்று உறைத்ததோ என்னவோ, உதட்டைப் பிதுக்கியது. கண்ணாடிக்காரர் பாய்ந்து வந்து அதன் வாயைப் பொத்தப் போனார். டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். தானாக எழுந்து உட்காரவே தெம்பில்லாதவர், அவ்வளவு இறுக்கமாகப் பிடித்தார்.

"விடுங்க. அழட்டும்."

குழந்தை அழுதது. டீச்சர் பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி கடைசி வரை கவனமாகக் கேட்டுவிட்டு, "சரி" என்றார். கணவரின் கை அவர் கையிலேயே இருந்தது.

திறந்த ஜன்னல் வழியாக அது தெரு முழுக்கக் கேட்டது. தபால்காரர் மூச்சை வெளியே விட்டார். பெயிண்டர் மூலையை அடித்து முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கி அழுதார். எதிரெதிர் வீட்டுக்காரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். அன்று ராத்திரி, இரண்டு சாவு விழுந்த தெருவில், வீட்டுக்கு வீடு தட்டைத் துடைத்து வைத்ததுபோலச் சாப்பிட்டோம். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சாப்பிட்டோம்.

அந்தப் பதிவு இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எந்த ஊரிலிருந்தோ கார்கள் வருகின்றன, உள்ளே இருப்பவர்கள் தெரு முனையில் நிறுத்தி, தெருவுக்கே திரும்பிவிட்ட தையல்காரியின் வீட்டைத் தணிந்த குரலில் விசாரிக்கிறார்கள். பிரசவத்துக்கு வருகிறவர்களும் உண்டு, மற்றதற்கு வருகிறவர்களும் உண்டு. எதற்கு என்று நாங்கள் கேட்பதில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரியும். பெண் இப்போது அழுவதில்லை, வாய்க்குள் முனகினாலே போதுமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கண்ணாடிக்காரர்தான் காரில் கூடவே போய், வாசலில் காத்திருந்து, பத்திரமாகத் திரும்பக் கூட்டிவருகிறார். கணக்கில் மட்டும் கொஞ்சம் மந்தம் என்பதால், பரீட்சை நடக்கிற நாட்களில் அவளைக் கூப்பிட வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அந்த நாட்களில் யாரும் கூப்பிடுவதில்லை, பொறுத்துக்கொள்கிறார்கள்.